குளத்துக்கு ஒரு மிஷின்

ஒத்தக்கடையைத் தாண்டி திருவாதவூர் போகிற ரோட்டில் ஹரிராம் வீடு கட்டி முடிக்கும் முன்பே, அந்த வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது என்ற சேதி செல்லூர் சந்துகள் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து வெளியே வந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் ஒருவர்கூட மாடியைச் சரியாகப் பார்க்கவில்லை. பால் காய்ச்சியதும் நேரே பின்பக்கம் போனார்கள். ஒரு லாரி நிறுத்துகிற நீளத்துக்கு ஓடு பதித்த பள்ளம், அது நிறையத் தண்ணீர், தண்ணீரில் யானைமலை தலைகீழாகப் படுத்திருந்தது.

“இதுல யாரு நீந்தப் போறா?” என்று ஹரிராமின் சித்தப்பா கேட்டார்.

“மங்கை.”

எல்லாரும் திரும்பி அலர்மேல்மங்கையைப் பார்த்தார்கள். பட்டுச்சேலையும் கையில் பாயசத் தூக்குமாக நின்றிருந்தாள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அன்றுவரை வாளியைவிட ஆழமான தண்ணீரில் அவள் கால் வைத்ததில்லை.

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். பக்கத்து வீட்டோடு மதுரைத் தமிழ். கல்யாணமாகி செல்லூருக்கு வந்த நாளிலிருந்து மங்கை, புருஷனோடு சேர்ந்து சாயப்பட்டறையைப் பார்த்துக்கொண்டாள். தொட்டியிலிருந்து எடுத்துப் பிழிந்த நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “இன்னொரு முக்கு முக்குங்க, நேத்துப் போட்ட செவப்போட இது சேராது,” என்பாள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்று மாறுகிற சரக்கில் அவள் சொன்னது தப்பியதே இல்லை. ஆனால் பட்டறையின் ஈரத்தரையில் குந்தியும் நின்றும் இரண்டு முட்டியும் போய்விட்டன. இடுப்பளவுத் தண்ணீருக்குள் நடங்கள், அதைவிட நல்ல மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னார். ஊருக்குள் இருந்த குளங்களில் பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம். இறங்குகிற படியோ செங்குத்து. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட, ஹரிராம் பட்டறையை விற்றார். புது மனையில் முதலில் குளத்துக்குத்தான் கோடு போட்டார். மிச்ச இடத்தில் வீடு கட்டினார்.

மங்கையை நீந்த வைத்தது பக்கத்து வீட்டு முருகம்மாள். அவள் புருஷன் விருமாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். இரண்டு லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர், தொழில் நிமித்தமாக இந்தப் பக்கம் மனை வாங்கி வந்தார். மங்கை குளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடப்பதைப் பல நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த முருகம்மாள், ஒருநாள் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்து பொத்தென்று குதித்து, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாலு தடவை போய் வந்தாள்.

“அக்கா, தண்ணி ஒங்கள முழுங்காது,” என்றாள். “நீங்கதான் அதப் போட்டு முழுங்கிக்கிட்டு இருக்கீக. வாய மூடிக்கிட்டு என் கையப் பிடிங்க.”

மழைக்காலம் முடிவதற்குள் மங்கை கம்பியை விட்டாள். பொங்கலுக்கு முன்னால் மல்லாந்து மிதந்தாள். முட்டி வலி போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். காலையில் எழுந்ததும் அவள் பேச்செல்லாம் குளம்தான். வேப்பிலையை வலையால் அரிப்பாள். மோட்டார் போட்டு வடிகட்டி விடுவாள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை மொண்டு அதில் மருந்து சொட்டு விடுவாள். தண்ணீர் மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது. மஞ்சள் வெளுத்திருந்தால் குறைகிறது, இன்னும் போட வேண்டும். குழாயோடு வந்த அட்டையில் நிறங்களை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். சாயக்காரி அட்டையைப் பார்ப்பாளா? அதை அலமாரியில் போட்டுவிட்டாள்.

ஒரு சங்கடம்தான் இருந்தது. குளத்தை விட்டு அவளால் எங்கேயும் நகர முடியவில்லை. ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் போய்த் தங்கிவிட்டு வந்தபோது தண்ணீர் பாசிப்பயறு நிறத்தில் நின்றது. அதிலிருந்து வெளியூர் என்றாலே, “நீங்க போயிட்டு வாங்க” என்று புருஷனை அனுப்பினாள். விருமாண்டி அந்தக் குளத்தைத் தொட்டி என்றுதான் சொல்வார். “கறவ மாடு வச்சிருக்கவுகளாச்சும் பால்காரன்ட்டச் சொல்லிட்டுக் கெளம்பலாம் மதினி. ஒங்க தொட்டிக்கு அதுக்கும் வழியில்ல,” என்பார்.

அப்போதுதான் சௌராஷ்டிர சபையிலிருந்து குஜராத் யாத்திரைக்குப் பெயர் கேட்டு ஆள் வந்தது. மூதாதையர் புறப்பட்டு வந்த நாடு. சோமநாத், துவாரகை என்று ரயிலில் கூட்டமாகப் போய் வருவார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை நடக்கும். ஒவ்வொரு தடவையும் மங்கை பெயர் கொடுத்துவிட்டு எடுத்துவிடுவாள். ஒருமுறை பட்டறையில் தீபாவளிச் சரக்கு, இன்னொரு முறை மாமியாருக்குப் படுக்கை, அப்புறம் பிள்ளைகளின் பரீட்சை.

“இந்தத் தடவை என்ன, குளத்துக்குப் பரீட்சையா?” என்று ஹரிராம் கேட்டார்.

மங்கைக்குச் சிரிப்பு வந்தாலும் பெயர் கொடுக்கவில்லை.

ஹரிராம் வேறு வழி பார்த்தார். புதுச் சாமான் எது வந்தாலும் அது அவருக்கு முதலில் வேண்டும். குளத்தைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் மிஷின் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை மாட்டிக் கொடுக்கிற கம்பெனியிலிருந்து கோகுல்நாத் என்ற இளைஞனை வரவழைத்தார். அவனும் சௌராஷ்டிரப் பையன்தான், பழங்காநத்தத்தில் வீடு. மோட்டார் அறைச் சுவரில் கையை வைத்து, இங்கே பெட்டி, இங்கே மருந்துக் குழாய் என்று காட்டினான்.

“காலையில மோட்டார் தானா ஓடும், தானா நிக்கும் அம்மா. குளோரின் கொறைஞ்சா தானா விட்டுக்கும். தண்ணி மட்டம் எறங்குனா தானா நெறைச்சுக்கும். சாயங்காலம் தண்ணிக்குள்ள லைட் எரியும், ஏழு கலர். எது நடந்தாலும் உங்க செல்லுக்கு மெசேஜ் வந்துரும்.”

“அப்ப நான் எதுக்கு?” என்றாள் மங்கை.

“நீங்க நீந்தலாமே.”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது. ஆனாலும் விடவில்லை. “கரண்ட் போனா?”

ஊரெங்கும் மின்வெட்டு நடந்துகொண்டிருந்த வருஷம் அது. கோகுல்நாத் அந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் வந்திருந்தான். “உள்ள பேட்டரி இருக்கு, நேரத்த மறக்காது. ஆனா மோட்டார் ஓடாது. கரண்ட் வந்ததும் மிச்சத்த ஓட்டும்.”

“குளோரின் கொறையுதுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

குழாய்க்குள் செருகுகிற ஒரு குச்சியை எடுத்துக் காட்டினான். அந்தக் குச்சிதான் தண்ணீரைச் சோதித்துப் பெட்டிக்குச் சொல்லும்.

“எங்க போர் தண்ணி உப்பு. வாளியிலயே வெள்ளையாப் படியுது. இதுல படியாதா?”

கோகுல்நாத் கொஞ்சம் தயங்கினான். “படியும். மாசத்துக்கு ஒரு தடவ கழட்டிக் கழுவணும். கழுவலன்னா தப்பாச் சொல்லும்.”

ஹரிராமுக்கு முகம் விழுந்துவிட்டது. மங்கையோ உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டு வந்தாள். விற்க வந்தவன் தன் வாயாலேயே ‘தப்பாச் சொல்லும்’ என்கிறான், இவனோடு பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஒண்ணு செய்யலாம் தம்பி. கொஞ்ச நாளைக்கு மாட்டி வையுங்க. மருந்துக் குழாயத் தெறக்க வேணாம். அது பாக்குறத அது சொல்லட்டும். நான் பாக்குறத நான் சொல்றேன். ரெண்டும் ஒத்து வந்தா யோசிப்போம்.”

அப்படியே பெட்டி வந்து சுவரில் ஏறியது. மறுநாள் காலையிலேயே சண்டை ஆரம்பித்தது. குளோரின் குறைவு என்று பெட்டி சிவப்பு விளக்கைச் சிமிட்டியது. மங்கை குழாயில் சொட்டு விட்டுத் தூக்கிப் பார்த்து, “போதுமான மஞ்சள் இருக்கு,” என்றாள். அடுத்த நாளும் அப்படியே. ஹரிராம் பல் விளக்கிக்கொண்டே பெட்டி முன்னால் நின்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எண்களை வாசிப்பார். “இன்னைக்கும் கொறைவுதான் மங்கை.” “குச்சியில உப்புப் படிஞ்சிருக்கும்,” என்பாள் அவள். விருமாண்டி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மங்கை கட்சி. “நூலப் பாத்தே வெல சொன்ன கண்ணு அண்ணே அது. பொட்டிக்கு என்ன தெரியும்?”

கடைசியில் கோகுல்நாத்தை வரச் சொன்னார்கள். அவன் குச்சியைக் கழற்றினான். அதில் உப்பு ஒன்றும் படியவில்லை. இருந்தாலும் கழுவி மாட்டினான். பெட்டி மறுபடி அதையே சொன்னது. அப்புறம் மங்கையின் குழாயையே வாங்கித் தண்ணீர் எடுத்து, அவளுடைய மருந்தையே சொட்டு விட்டு வெயிலில் பிடித்தான்.

“அம்மா, இது என்ன கலர்?”

“எலுமிச்சை மஞ்சள். கொஞ்சம் இளசு.”

கோகுல்நாத் ஹரிராமைப் பார்த்தான். ஹரிராம் குழாயைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“மங்கை, எனக்கு அது வெறும் தண்ணியாத்தான் தெரியுது.”

“உங்களுக்கு என்னைக்குக் கலர் தெரிஞ்சுது?” என்றவள், சுவர்ப்பக்கம் போய் முருகம்மாளைக் கூப்பிட்டாள். முருகம்மாள் மாவுக் கையோடு வந்து குழாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“வெள்ளையாத்தான் அக்கா இருக்கு.” குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “நானே சொல்லணும்னு இருந்தேன். அடிப்படியில வழுவழுன்னு வழுக்குது. சொன்னா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்.”

மங்கை வீட்டுக்குள் போனாள். தையல் டப்பாவைத் திறந்து வெள்ளை நூல்கண்டு ஒன்றும் சந்தன நிறக் கண்டு ஒன்றும் எடுத்தாள். ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். எது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தக் கண்ணை நம்பித்தானே ஒரு வியாபாரமே நடந்தது. ஹரிராம் வாசற்படியில் வந்து நின்றார்.

“கண் ஆஸ்பத்திரி நாளைக்கு உண்டா?” என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது என்றார். “டீத்தண்ணி வழியா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. கொஞ்சங்கொஞ்சமா வந்ததால உங்களுக்கே தெரியல. சரி பண்ணிரலாம், பயப்பட ஒண்ணும் இல்ல.”

“மிஷின்தான் முதல்ல கண்டுபிடிச்சுது,” என்று ஹரிராம் டாக்டரிடம் பெருமையாகச் சொல்லப்போக, மங்கை அவர் கையில் கிள்ளினாள்.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிக் கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பின்பக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஓடு மாத்துனீங்களா?”

“யாரு மாத்துனா? அதே ஓடுதான்.”

இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தாள். பழைய குளம், பச்சையும் பழுப்புமாக. வலதை மூடி இடதால் பார்த்தாள். இப்படி ஒரு நீலத்தை மூட்டை மூட்டையாகச் சாயம் வாங்கிப் போட்ட காலத்திலும் அவர்கள் நூலில் ஏற்றியதில்லை. அன்று முழுக்க அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். திரைச்சீலை, முருங்கைப்பூ, காலண்டர், பருப்பு டப்பா. ஹரிராம் முன்னால் வந்ததும் நின்றாள்.

“இந்தக் கலர் சட்டையவா இம்புட்டு நாளாப் போட்டுக்கிட்டுத் திரியிறீங்க?”

“நீ எடுத்துக் குடுத்ததுதான்.”

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணை அழுத்திச் சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஹரிராம் சொன்னதும் இன்னும் சிரித்தாள்.

ஆறும்வரை குளத்தில் இறங்கக் கூடாது, குனியக் கூடாது. வேறு வழியில்லாமல் மருந்துக் குழாயைத் திறந்தார்கள். பெட்டி தன் வேலையைப் பார்த்தது. படியில் இருந்த வழுக்கல் போயிற்று. தண்ணீர் தெளிந்து அடி ஓட்டின் இடுக்கெல்லாம் தெரிந்தது. மங்கை நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சில நாள், தன் அடுக்களையில் வேறொருத்தி சமைப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு அந்த எண்ணம் தானாகவே போய்விட்டது. தினம் ஒரே மாதிரி, அலுக்காமல், காய்ச்சல் வந்தாலும் கல்யாணம் வந்தாலும் செய்கிற வேலை. அதை ஒரு பெட்டி செய்தால் தனக்கு என்ன குறைந்துவிடும்?

வலது கண்ணும் சரியான பிறகு கோகுல்நாத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். “மோட்டார் வேணும். மருந்து வேணும். மெசேஜும் இருக்கட்டும். மத்தது வேணாம்.”

“லைட்டு?” என்றார் ஹரிராம். ஏழு கலருக்காகத்தான் அவர் இவ்வளவு நாள் பொறுத்திருந்தார்.

“இப்பத்தான் எனக்குப் பகல் வெளிச்சத்துக் கலரே தெரியுது. அதப் பாத்து முடிச்சிட்டு மத்ததப் பாக்கலாம்.”

“தண்ணி நெறைக்கிறதாவது போட்டுக்கலாமே அம்மா,” என்றான் கோகுல்நாத். “செலவு அதிகமில்ல.”

“செலவுக்குச் சொல்லல தம்பி. சித்திரையில இங்க எல்லா வீட்டு போரும் எறங்கிரும். எங்க போர் ஓடுனா முருகம்மா வீட்டுல தண்ணி வருமா வராதான்னு உங்க மிஷினுக்குத் தெரியாது. நான் அவளக் கேட்டுட்டுத்தான் வால்வத் தெறக்குறது. தண்ணி விடுற வேலைய மட்டும் நான் யார் கையிலயும் குடுக்கல.”

கோகுல்நாத் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஹரிராம் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பேசாமல் இருந்தார். மூன்றாவது வேளை அப்பளம் நன்றாக இருந்ததால் பேசிவிட்டார். அன்று மாலையே மங்கை சபைக்குப் போன் போட்டு யாத்திரைக்கு இரண்டு பெயரும் கொடுத்தாள். இந்த முறை எடுக்கவில்லை.

ரயில் மதுரையை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே முதல் மெசேஜ் வந்தது: பம்ப் ரன். மங்கை அதைப் பக்கத்து இருக்கைப் பெண்களிடம் காட்டினாள். அதுதான் தப்பாகப் போயிற்று. அதன் பிறகு செல் ஒரு தடவை கூவினால் போதும், ரயில் பெட்டி முழுக்கத் தலையைத் தூக்கியது. “மங்கை, குளம் என்ன சொல்லுது?” மேல் பெர்த்தில் படுத்திருந்த தாத்தா ஒருவர், தன் மகன் வாரத்துக்கு ஒரு தடவைகூடப் போன் பண்ணுவதில்லை, இந்தக் குளம் எவ்வளவோ தேவலை என்றார்.

குஜராத்துக்குள் நுழைந்த பிறகு பம்ப் ஸ்டாப் என்று வந்தது. மோட்டார் நிற்க வேண்டிய நேரம் இல்லை அது. வெகு நேரமாகியும் மறு மெசேஜ் இல்லை. மங்கை விருமாண்டிக்குப் போன் போட்டாள்.

“தம்பி, கொஞ்சம் மோட்டார் ரூம எட்டிப் பாருங்க. என்னமோ நின்னு போச்சாம்.”

“எங்க வீட்டு மிக்சியும் நின்னுதான் மதினி கெடக்கு,” என்றார் விருமாண்டி. “கரண்ட் இல்ல. ஒத்தக்கடைக்கே இல்ல. ஒங்க தொட்டிக்கு மட்டும் தனியாவா வரும்? சாமியக் கும்பிடுற வேலையப் பாருங்க.”

அவர் போனை வைப்பதற்குள்ளேயே, பம்ப் ரன் என்று வந்துவிட்டது. இருக்கைக்கு இருக்கை அந்தச் சேதியைக் கடத்தினார்கள்.

சோமநாத் போகிற வழியில் பஸ் நின்ற ஊரில், மங்கை ஒரு டீக்கடைக்காரரிடம் தன் வீட்டு பாஷையிலேயே பேசிப் பார்த்தாள். அவருக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை, தலையைச் சொறிந்தார். தண்ணீர் வேண்டும் என்று கேட்டபோது மட்டும் உடனே எடுத்துக் கொடுத்தார். அந்தச் சொல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்: பானி. மங்கை ஹரிராமைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ தலைமுறை நடந்து வந்த வழியில் அந்த ஒரு சொல் சிந்தாமல் வந்து சேர்ந்திருந்தது. டம்ளர் தண்ணீரை அவள் முழுசும் குடித்தாள், தாகம் இல்லாவிட்டாலும்.

ஊர் திரும்பிய பிறகுதான் உண்மையான கூத்து. ரயிலில் அத்தனை நாள் குளத்தின் சேதி கேட்டுக்கொண்டே வந்த பெண்களுக்கு அதைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. முதலில் பார்க்க மட்டும் வந்தார்கள். அப்புறம் காலை நனைத்தார்கள். அப்புறம் மாற்றுத்துணியோடு வர ஆரம்பித்தார்கள். செல்லூரிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ ஞாயிற்றுக்கிழமையானால் நேரே இங்கே வந்து நிற்கும். ஆழமான பக்கம் முருகம்மாள், ஆழமில்லாத பக்கம் மங்கை. ஆண்கள் முன்வாசலிலேயே உட்கார வேண்டியது, எட்டிப் பார்க்கக் கூடாது. ஹரிராமும் விருமாண்டியும் அங்கே சீட்டு ஆடினார்கள்.

ஒரு திங்கட்கிழமை கோகுல்நாத் போன் பண்ணினான். மெசேஜ் அவனுக்கும் போகும்.

“அம்மா, நேத்து மிஷின் மருந்த விட்டுக்கிட்டே இருந்துச்சே. குச்சியக் கழுவுனீங்களா?”

“கழுவினேன் தம்பி. குச்சி நல்லாத்தான் இருக்கு. தண்ணிக்குள்ள ஆளு அதிகம்.”

“எத்தன பேரு? தெரிஞ்சா அதுக்குத் தக்கன மாத்தி வச்சுருவேன்.”

“எங்க எண்ண விடுறாங்க? ஏறுறதும் குதிக்கிறதுமா இருக்காங்க. நீங்க பொதுவாக் கொஞ்சம் கூட்டி வையுங்க.”

சரி என்றவன் போனை வைக்கவில்லை.

“அம்மா, எங்க வீட்டுலயும் அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. கூட்டிட்டு வரலாமா?”

“வெள்ளிக்கெழமை கூட்டிட்டு வாங்க,” என்றாள் மங்கை. “ஞாயித்துக்கெழமை எடம் கெடைக்காது.”